காலண்டரில் அச்சாகாத வசனங்கள்

எங்கள் வீட்டு பீரோ கண்ணாடியின் ஓரத்தில் எப்போதும் ஒரு வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்டது, செருகியிருக்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் சபையில் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கொன்று எடுப்போம். வீட்டுக்கென்று அம்மா ஒன்று எடுப்பாள். 2016-ஆம் வருஷத்துக்கு அம்மாவின் கையில் வந்தது எரேமியா 29:11. “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அண்ணன் அப்போது லீவில் வந்திருந்தான். “நல்ல வசனம்மா” என்று சொல்லி அவனேதான் அதைக் கண்ணாடியில் செருகினான்.

ஜூன் மாதம் அவன் இறந்துவிட்டான். வளைகுடாவில் ஏசி மெக்கானிக் வேலை, வயது 41, தூக்கத்திலேயே மாரடைப்பு. உடல் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வந்து சேர 19 நாள் ஆயிற்று. மரணச் சான்றிதழ், போலீஸ் கடிதம், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, எம்பாமிங் சான்று என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் காத்துக் கிடந்தோம். அவன் வேலை பார்த்த இடத்தில் போனை எடுக்காத நாட்களும் உண்டு. கடைசியில் கூட வேலை பார்த்த பையன்கள்தான் தங்கள் கூலியை விட்டுவிட்டு அலைந்து முடித்தார்கள்.

அந்த 19 ராத்திரியும் அம்மா உள்ளே வந்து படுக்கவில்லை. திண்ணையில் ஒரு பழைய கம்பளியை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அத்தை வந்து கூப்பிட்டாள், போதகரின் மனைவி ஐயரம்மா வந்து கூப்பிட்டார்கள். “பிள்ள அங்க தனியா கெடக்கான், நான் எப்படிப் படுப்பேன்” என்பதைத் தவிர அம்மா வேறொன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் அந்த அட்டையைக் கண்ணாடியிலிருந்து உருவி பீரோவுக்குள், துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதைப் பார்க்க முடியவில்லை.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பல வருஷமாக ஓய்வுநாள் பாடசாலையில் வகுப்பும் எடுக்கிறேன். வேதாகமத்தை வருஷத்துக்கு ஒரு தடவை முழுதாக வாசித்து முடிக்கிற பழக்கம் கல்லூரி நாட்களிலிருந்தே உண்டு. ஆனால் வாசிப்பது வேறு, நின்று பார்ப்பது வேறு என்பது அண்ணன் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு விளங்காத பகுதிகளையும், விளங்குகிறது என்று நினைத்துத் தாண்டிப்போன பகுதிகளையும் அதன் பிறகு வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போலச் சாதாரண வாசகர் யாருக்காவது பயன்படும்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அந்த அட்டையின்மேல் இருந்த கோபத்தோடுதான் எரேமியாவைத் திறந்தேன். 29:11-ஐ மட்டும் பார்த்துவிட்டு மூட நினைத்தேன். கண் அதற்கு முந்தின வசனத்தில் விழுந்தது. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்று இருந்தது. எழுபது வருஷமா? அப்படியே பின்னோக்கிப் போய் 28-ஆம் அதிகாரத்தின் முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

அங்கே அனனியா என்றொரு தீர்க்கதரிசி. பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருப்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்துவிட்டு, அங்கே சிறைப்பட்டுப் போனவர்கள் எல்லாரும் இரண்டே வருஷத்தில் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று கர்த்தர் பேரில் சொல்கிறான். கேட்க எவ்வளவு இதமான வார்த்தை! அதே வருஷம் ஏழாம் மாதத்தில் அவன் செத்துப்போகிறான். அதற்கு அடுத்துதான், ஏற்கெனவே பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் வருகிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறது அந்தக் கடிதம். பதினோராம் வசனம் அதன் நடுவில் இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது சுற்றி உட்கார்ந்து கேட்ட மூப்பர்களில் ஏறக்குறைய ஒருவரும் எருசலேமைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவர்கள் கல்லறைகள் பாபிலோனில்தான். அது தெரிந்தும் “தீமைக்கல்ல” என்று எழுதியிருக்கிறது.

நான் அந்த அட்டையை அனனியா சொன்ன மாதிரி வாசித்திருக்கிறேன். இந்த வருஷம், எங்கள் வீட்டில், கெட்டது ஒன்றும் நடக்காது என்று. எரேமியா அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு ஆறுதல் வந்தது என்று சொன்னால் பொய். ஆனால் தேவன் எங்களை ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் போயிற்று. அந்நிய தேசத்தில் செத்துப்போனவர்களின் நடுவில் சொல்லப்பட்ட வார்த்தை அது என்று தெரிந்த பிறகு, அட்டையை எடுத்து மறுபடியும் கண்ணாடியில் வைக்க முடிந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். காலண்டரிலோ அட்டையிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வசனம் வந்தால், அதற்கு முன் ஒரு அதிகாரமும் பின் ஒரு அதிகாரமும் வாசிக்காமல் அதை யாருக்கும் அனுப்புவதில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட அப்படித்தான்.

இன்னொன்றையும் அந்த நாட்களில்தான் கவனித்தேன். தமிழ் ஆசிரியையாக இருந்தும் அதுவரை அது கண்ணில் படாதது எனக்கே வருத்தம். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டும் மிகக் கவனமாக இடப்பட்டிருக்கின்றன. நாம் ‘நீங்கள்’ என்பதை மரியாதைக்காக ஒருவருக்கே சொல்லிப் பழகியதால், வசனத்தில் ‘உங்கள்பேரில்’ என்று வந்தால் என்னைத்தான் மரியாதையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். வேதாகமத்தில் ஒருவரிடம் பேசினால் ‘நீ’தான், ராஜாவாயிருந்தாலும் ‘நீர்’ அல்லது ‘நீ’. ‘நீங்கள்’ என்றால் பலர். எரேமியா 29:11-இல் இருப்பது பலர்.

லூக்கா 22:31, 32-ஐ இதோடு வாசித்துப் பாருங்கள். “சீமோனே, சீமோனே” என்று ஒரே ஆளை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, சாத்தான் ‘உங்களை’ப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டான் என்கிறார் இயேசு. உடனே, நானோ ‘உனக்காக’ வேண்டிக்கொண்டேன் என்கிறார். சுளகில் போட்டுப் புடைக்கப்படப்போவது எல்லாச் சீஷரும்தான். வேண்டுதலோ பெயர் சொல்லிப் பேதுருவுக்கு. அவன்தான் மூன்று முறை மறுதலிக்கப்போகிறான். அவன்தான் குணப்பட்ட பின்பு மற்றவர்களைத் தாங்க வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இது மறைந்துபோகும். தமிழில் பளிச்சென்று தெரிகிறது, வாய்விட்டு வாசித்தால் காதிலேயே விழும். எனவே சத்தமாக வாசியுங்கள். நான் இப்போது அடுக்களையில் நின்றுகொண்டுகூடச் சத்தமாகத்தான் வாசிக்கிறேன்.

அடுத்த வருஷம், 2017 ஏப்ரல் முதல் வாரம். நாளுக்கு மூன்று அதிகாரம் என்ற கணக்கில் 2 சாமுவேல் 21 வந்தது. பத்துப் பதினைந்து தடவை டிக் போட்டுத் தாண்டிய அதிகாரம்தான். தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம். முந்தின ராஜாவான சவுல் கிபியோன் ஊராரான கிபியோனியரைக் கொன்றதால் வந்தது என்று கர்த்தர் சொல்கிறார். கிபியோனியர் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள், தாவீது கொடுக்கிறான், மலையின்மேல் தூக்கிப்போடுகிறார்கள். இதுவரைக்கும் படிக்கவே கஷ்டமாக இருக்கும், அதனாலேயே வேகமாகப் போய்விடுவேன். அன்றைக்குப் பத்தாம் வசனத்தில் கால் நின்றுவிட்டது.

ரிஸ்பாள். சவுலின் மறுமனையாட்டி. கொல்லப்பட்ட ஏழு பேரில் இரண்டு பேர் அவள் பெற்றவர்கள். அவள் ஒரு இரட்டுப்புடவையை எடுத்துக்கொண்டுபோய்ப் பாறையின்மேல் விரிக்கிறாள். புடவை என்றால் பழந்தமிழில் துணி என்று பொருள், இரட்டு என்பது முரட்டுச் சாக்குத்துணி. அறுப்புக் காலத் தொடக்கம் முதல் வானத்திலிருந்து மழை பெய்கிற வரைக்கும், பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அந்த உடல்களைத் தொடவிடாமல் காக்கிறாள்.

அம்மாவின் கம்பளி என் கண்ணில் வந்து நின்றது. வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அப்புறம் நோட்டை எடுத்தேன்.

முதலில் நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாம் வசனம் வாற்கோதுமை அறுப்பு என்கிறது. அந்த நாட்டில் அது ஏப்ரல் வாக்கில். முன்மாரி அக்டோபர் வாக்கில்தான் தொடங்கும். அந்த மழை பருவத்தில் பெய்த மழைதான் என்றால் ஏறக்குறைய ஆறு மாதம். பஞ்சம் தீர வந்த கோடை மழை என்றால் கொஞ்சம் குறையும். எப்படியானாலும் ஒரு ராத்திரி இரண்டு ராத்திரி அல்ல. ஒரே ஒரு வசனத்துக்குள் ஒரு தாயின் ஒரு பருவம் முழுதும் அடங்கியிருக்கிறது.

அடுத்து அவள் பெயர் வேறெங்கே வருகிறது என்று ஒத்தவாக்கிய அகராதியில் தேடினேன். 2 சாமுவேல் 3-இல் ஒரே ஒரு இடம். அங்கே சவுலின் மகன் இஸ்போசேத்தும் படைத்தலைவன் அப்னேரும் அவளை வைத்துச் சண்டை போடுகிறார்கள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசாதவள் செய்த காரியம் ராஜாவின் காதுக்கு எட்டுகிறது. தாவீது போய், யாபேஸ் கீலேயாத்தில் கிடந்த சவுலுடைய எலும்புகளையும் அவன் மகன் யோனத்தானுடைய எலும்புகளையும் எடுத்துவந்து அவர்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்கிறான். அத்தனை வருஷம் செய்யாமல் விட்ட காரியம். அதைச் செய்ய வைத்தது அவள் உட்கார்ந்திருந்த பாறை.

பதினாலாம் வசனத்தின் கடைசி வரியை அன்றுதான் நிறுத்தி வாசித்தேன். “அதற்குப்பின்பு” தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார் என்று இருக்கிறது. எதற்குப் பின்பு? ஏழு பேரையும் கொன்ற உடனே இந்த வரி வரவில்லை. அடக்கம் பண்ணின பின்புதான் வருகிறது. திரும்பி முதல் வசனத்துக்குப் போனேன். பஞ்சத்துக்குக் காரணம் என்ன என்று கர்த்தர் சொல்கிறார். ஏழு பேரைக் கொடு என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்று தாவீது கேட்டது கிபியோனியரிடம். பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்படக் கூடாது என்று உபாகமம் 24:16-இல் இருக்கிறது. மரத்தில் தூக்கப்பட்டவனின் உடலை இரவு தங்கவிடாமல் அன்றே அடக்கம்பண்ண வேண்டும் என்று உபாகமம் 21:23-இல் இருக்கிறது. ராஜா மறந்த அந்தக் கட்டளையை, தன்னால் புதைக்கவும் முடியாத ஒரு பெண், கிடைத்த ஒரே வழியில் காத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நான் இன்று வாசிக்கிறேன். வேறு விதமாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரத்தப்பழிக்கு ஈடு செலுத்தப்பட்டதால் பஞ்சம் நீங்கியது என்பார்கள். அந்த அதிகாரம் அதற்கும் இடம் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ‘அதற்குப்பின்பு’ எங்கே நிற்கிறது என்பதை இனி என்னால் பார்க்காமல் இருக்க முடியாது.

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் சாலையோரத்தில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். செய்தியில் அந்தக் கொட்டகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான் வந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “அவ பேரு என்ன சொன்ன?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “அவளுக்க பிள்ளைகள எங்க மக்களே அடக்கம் பண்ணினாங்க?” என்று கேட்டாள். திரும்பப் பார்த்தேன். பதின்மூன்றாம் வசனத்தில் தூக்கிப்போடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்தார்கள் என்று இருக்கிறது. பதினாலில் அடக்கம் பண்ணினது சவுலையும் யோனத்தானையும் என்றுதான் இருக்கிறது. ரிஸ்பாளின் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. எத்தனை தடவை வாசித்தும், அன்று அழுது அழுது வாசித்தும், நான் கேட்காத கேள்வி. “எழுதலம்மா” என்றேன். “எழுதாட்டா என்ன, சேத்துத்தான் வச்சிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் தேதி போட்டுக் கேள்வியை நோட்டில் எழுதி வைத்தேன்.

அந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண நீள நோட்டு. இடது பக்கம் கேள்வியும் தேதியும், வலது பக்கம் காலி. பதில் கிடைத்தால் அதற்கும் தேதி போட்டு எழுதுவேன். வலது பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிற கேள்விகள் பாதிக்கு மேல். யாத்திராகமம் 4:24, வழியிலே தங்கும் இடத்தில் கர்த்தர் மோசேக்கு எதிர்ப்பட்டு அவனைக் கொல்லப் பார்த்தார் என்பது, எத்தனையோ விளக்கம் படித்த பிறகும் எனக்கு அப்படியே நிற்கிறது. காலியாக விட்டு வைப்பது நல்லது. அவசரத்துக்கு ஒரு பதிலைப் போட்டு நிரப்பினால் பிறகு அந்த வசனத்தை நாம் பார்ப்பதே இல்லை.

அவசரப் பதிலால் ஒரு பிள்ளையைப் பயமுறுத்திய அனுபவம் எனக்கு உண்டு. ஓய்வுநாள் பாடசாலையில் எலிசா தீர்க்கதரிசியின் கதை. 2 இராஜாக்கள் 2-இன் கடைசியில், “மொட்டைத்தலையா, ஏறிப்போ” என்று கேலி செய்த பிள்ளைகளை எலிசா சபிக்க, காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து 42 பேரைப் பீறிப்போடுகின்றன. “பெரியவர்களைக் கேலி செய்யக் கூடாது என்று இதிலிருந்து தெரிகிறது” என்று சொல்லி முடித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு ஒரு பையன் வரவில்லை. விசாரித்தபோது, தாத்தாவின் வழுக்கையைக் கேலி செய்ததற்காக ராத்திரியெல்லாம் கரடி கனவு என்று அவன் அம்மா சொன்னாள். பத்து வயதுப் பிள்ளை. அன்றைக்கு நான் என் வாயாலேயே ஒரு பிள்ளைக்குத் தேவனைக் கரடியாக்கிவிட்டேன் என்று மனது உறுத்தியது.

அந்த வாரம் முழுதும் அந்த மூன்று வசனத்தோடு இருந்தேன். இடம் எது என்று பார்த்தேன், பெத்தேல். 1 இராஜாக்கள் 12-இல் யெரொபெயாம் ராஜா பொன் கன்றுக்குட்டி வைத்த ஊர். எருசலேம் ஆலயத்துக்குப் போட்டியாக அங்கே ஒரு வழிபாடு நடந்துகொண்டிருந்தது. ‘ஏறிப்போ’ என்ற சொல்லுக்கும் அப்போது பொருள் வந்தது. சில வசனங்களுக்கு முன்புதான் எலிசாவின் குருவான எலியா சுழல்காற்றிலே பரலோகத்துக்கு ஏறிப்போகிறான். நீயும் அவனைப் போல் தொலைந்துபோ என்று தீர்க்கதரிசியின் ஊழியத்தையே துரத்துகிற பேச்சு. ‘பிள்ளைகள்’ என்பதற்கு எபிரெயத்தில் இருக்கும் ‘நஆர்’ என்ற சொல் கைக்குழந்தை முதல் வாலிபன் வரைக்கும் வரும். 17 வயது யோசேப்பையும் அந்தச் சொல்லால்தான் சொல்லியிருக்கிறது. சாலொமோன் ராஜாவான பிறகும் “நானோ சிறுபிள்ளை” என்று அதே சொல்லைத் தனக்குச் சொல்கிறான். 42 பேர் அடிபட்டார்கள் என்றால் வந்த கூட்டம் அதற்கும் மேல். தனியாக நடந்துபோகிற ஒருவனைச் சூழ்ந்துகொள்ள ஊரைவிட்டு வெளியே வந்த கும்பல்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்த இடம் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னேன். கூடவே அதே எலிசாவின் மற்றக் கதைகளையும் எடுத்தேன். இதற்குச் சற்று முன்னால்தான் எரிகோவின் கெட்ட தண்ணீரை உப்புப் போட்டு ஆரோக்கியமாக்குகிறான். நான்காம் அதிகாரத்தில் செத்துப்போன ஒரு சின்னப் பையன்மேல் குப்புறப் படுத்து, வாயோடு வாய் வைத்து, அவன் உடல் சூடு பிடிக்கிற வரைக்கும் விடவில்லை. ஆறாம் அதிகாரத்தில் கைக்குள் சிக்கிய எதிரிப் படைக்குச் சாப்பாடு போட்டு அனுப்பச் சொல்கிறான். ஒரு ஆளை மூன்று வசனத்தை வைத்து எடைபோடாதே, அவன் கதையை முழுதும் படி என்று அந்தப் பையனிடம் சொன்னேன். “அப்ப கரடி வராதா டீச்சர்?” என்று கேட்டான். வராது என்றேன். தாத்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவன் ஏற்கெனவே கேட்டிருந்தான்.

பெயர்ப் பட்டியல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அலுப்புத் தட்டுகிற இடம் அது. நான் கண்டுபிடித்த வழி மிகச் சுலபமானது. பட்டியலில் பெயர் அல்லாத சொற்களுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். நெகேமியா 3-இல் போட்டுப் பாருங்கள். எருசலேம் அலங்கத்தை, அதாவது மதிலை, யார் யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள் என்ற நீண்ட பட்டியல். தட்டார்கள் கட்டுகிறார்கள், தைலக்காரர்கள் கட்டுகிறார்கள். கையில் பொன்னையும் வாசனைத் திரவியத்தையும் மட்டுமே தொட்டவர்கள் கல் சுமக்கிறார்கள். 12-ஆம் வசனத்தில் எருசலேமின் பாதிக்குத் தலைவனான சல்லூமும் ‘அவன் குமாரத்திகளும்’ கட்டுகிறார்கள். ஒரு மாவட்டத்தின் பிரபு குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்க்கிறான். நல்ல வாசலாகக் கேட்டு வாங்கியிருக்கலாம். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்ச் சாதாரண ஜனங்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு, 27-ஆம் வசனத்தில் இரண்டாவது பங்கையும் எடுத்துக் கட்டுகிறார்கள். எங்கள் சபையில் அசன விருந்துக்கு விறகு சுமப்பவர் யார், மேடையில் உட்காருபவர் யார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த அதிகாரத்தைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வாசித்தபோது, சல்லூமின் பெண்பிள்ளைகள் வந்த இடத்தில் இரண்டு பேர் சத்தமாக “அட!” என்றார்கள்.

ஆனால் ஆழமான அர்த்தம் தேடுகிறேன் என்று இறங்கினால் ஒரு குழி இருக்கிறது, நானும் அதில் கொஞ்ச நாள் விழுந்திருக்கிறேன். யோவான் 21-இல் வலையில் சிக்கிய மீன்கள் 153. இந்த எண்ணுக்கு எத்தனை விளக்கங்கள்! ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று பழைய காலத்துச் சபை அறிஞர் அகஸ்டின் அதில் பத்துக் கட்டளைகளையும் ஆவியின் ஏழு வரங்களையும் கண்டார். உலகத்தில் உள்ள மீன் வகைகள் 153 என்று அவர் காலத்து இன்னொரு அறிஞர் ஜெரோம் எழுதினார். படிக்க ஆச்சரியமாகத்தான் இருக்கும். என் கூடப் படித்த தோழியின் வீடு கடற்கரை ஊரில். அவள் அப்பாவிடம் இதைக் கேட்டேன். “கரைக்கு வந்தா எண்ணாம பின்ன? ஏழு பேரு போயிருக்கான், பங்கு பிரிக்கணும்லா” என்றார். இரண்டாம் வசனத்தில் எண்ணிப் பார்த்தால் போனவர்கள் சரியாக ஏழு பேர்! ராத்திரி முழுதும் ஒன்றும் கிடைக்காமல், விடியற்காலையில் வந்த மீனை ஒவ்வொன்றாக எண்ணின கைகளின் நினைவுதான் அந்த எண் என்று இப்போது எனக்குப் படுகிறது. நேரில் நின்றவனுக்குத்தான் அப்படி ஒரு எண் மறக்காமல் இருக்கும். ஒரு விளக்கம் மிகவும் சாமர்த்தியமாக இருந்தால், முதலில் அதை அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு உதவி, வேறு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டில் பழைய மொழிபெயர்ப்புதான். பள்ளியில் கூட வேலை பார்க்கும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் 1995-இல் வந்த திருவிவிலியத்தைத் தந்தார். அதில் புத்தகங்களின் பெயரே வேறு. யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், பிரசங்கி அங்கே சபை உரையாளர். பிரசங்கியில் நமக்குப் பழக்கமான “மாயை, மாயை, எல்லாம் மாயை” அங்கே ‘வீண்’ என்று வருகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று தேடினேன். எபிரெயத்தில் இருப்பது ‘ஹெவெல்’. மூச்சு, நீராவி என்று பொருள். மாயை என்று கேட்டவுடன் இந்த உலகமே உண்மையில்லை என்பதாக நம் காதுக்குப் படும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் வேறொரு பெரிய வரலாறு உண்டு. பிரசங்கி சொல்வது அதுவல்ல. இருக்கிறது, உண்மைதான், ஆனால் பனிக்காலத்துக் காலையில் வாயிலிருந்து வரும் புகைபோல நிற்காமல் போகிறது என்கிறான். ஆதியாகமம் 4-இல் தம்பியின் பெயர் ஆபேல் என்று நாம் வாசிக்கிறோமே, எபிரெயத்தில் அதுவும் ‘ஹெவெல்’தான். அண்ணன் கையால் சீக்கிரமே செத்துப்போகிறவனுக்கு மூச்சு என்று பெயர். 41 வயதில் தூக்கத்திலேயே போனவனின் தங்கை நான். அந்தப் பெயரை அன்றிலிருந்து மெதுவாகத்தான் உச்சரிக்கிறேன்.

மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிற இந்தப் பழக்கம்தான் அம்மாவின் கேள்விக்கும் பதில் கொண்டுவந்தது. 2019-இல் எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு வேதபாட வகுப்புக்குப் போனேன். எடுத்தவர் இறையியல் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். இடைவேளையில் நோட்டைக் காட்டி, ரிஸ்பாளின் பிள்ளைகளை எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பையிலிருந்து கிரேக்க வேதாகமத்தை எடுத்தார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே யூதர்கள் பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். அந்த மொழிபெயர்ப்பில் பதினாலாம் வசனத்தில் சில சொற்கள் கூடுதலாக இருக்கின்றன. சவுலின் எலும்புகளையும், யோனத்தானின் எலும்புகளையும், தூக்கிப்போடப்பட்டவர்களுடைய எலும்புகளையும் அடக்கம் பண்ணினார்கள் என்று வாசித்துப் பொருள் சொன்னார். எபிரெயத்தில் விட்டுப்போயிருக்கலாம், அல்லது உங்கள் அம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்ட யாரோ சேர்த்திருக்கலாம் என்றார். நோட்டின் வலது பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“நான் அன்னைக்கே சொன்னேம்லா. அத்தன நாள் காவல் இருந்தவ, அடக்கம் பண்ணாம விட்டிருப்பாளா?”

அப்புறம் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “எடு மக்களே, இன்னொருக்க வாசி” என்றாள்.